ஈரம் தேடிப் போனவை

சாக்கை விலக்கியபோது ஒரு புழுகூட ஓடி ஒளியவில்லை.

நெவிலுக்கு முதலில் உறுத்தியது அதுதான். மற்ற நாட்களில் கம்போஸ்ட் குவியலின் மேல் போர்த்தியிருக்கும் அந்த ஈரச் சாக்கின் நுனியைத் தூக்கினாலே போதும். வெளிச்சம் பட்ட மாத்திரத்தில் சிவப்பு சிவப்பாய் நூற்றுக்கணக்கில் நெளிந்து, முட்டைக்கோஸ் இலைக்கும் முட்டை ஓட்டுக்கும் அடியில் புகுந்து, சொதசொதவென்ற ஒரு சின்னச் சத்தத்தை மட்டும் விட்டுவிட்டு மறைந்துபோகும். இன்று சாக்கு மொடமொடவென்று காய்ந்திருந்தது. அதன் கீழே நேற்றுப் போட்ட தர்பூசணித் தோல் போட்டது போட்டபடி கிடந்தது. ஈ இல்லை, எறும்பு இல்லை. சூரியன் அப்போதுதான் திராட்சைக் கொடிகளுக்கு மேல் தலை காட்டியிருந்தது. அதற்குள் வீட்டின் தகரக் கூரை டக் டக்கென்று முறுக்கிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

கையை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் வெளியே இழுத்துக்கொண்டார். குவியலுக்குள் அடுப்பு எரிவது போல இருந்தது. வெயிலின் சூடு மேலிருந்து கீழே இறங்கும். இது அடியிலிருந்து மேலே வந்தது, அதுவும் ஆவியோடு, கண்ணைக் கரிக்கும் மூத்திர நெடியோடு. முள்கரண்டி போலப் பல் வைத்த மண்வெட்டியால் கிளறிப் பார்த்தார். நடுவில் புல் வெந்து கறுத்து, அதன் மேல் சாம்பல் பூத்திருந்தது.

எல்லாம் அவர் செய்த வேலைதான். தீத்தடை அறிவிக்கப்போகிறார்கள் என்று ரேடியோவில் கேட்டதுமே அந்த வட்டாரத்து ஆண்களெல்லாம் என்ன செய்வார்களோ அதையே அவரும் செய்தார். தடை வந்துவிட்டால் புல்வெட்டும் இயந்திரத்தைத் தொட முடியாது. ஒரு பொறி போதும், தெருவையே கொளுத்திவிடும். ஆகவே முந்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வளர்ந்திருந்த பச்சைப் புல்லையெல்லாம் மழித்து, மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய் மனைவியின் குவியல் மேல் கொட்டி, மிதித்தும் விட்டார். புழுக்களுக்கு வெயில் படாமல் ஒரு போர்வை என்று நினைப்பு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பச்சைப் புல்லை மொத்தமாகக் குவித்தால் அது தானாகவே வேகும் என்று பெவர்லி எத்தனை வருடமாகச் சொல்லியிருப்பாள்! கேட்டுக்கொள்ளக் காது வேண்டுமே. நெவிலுக்கு இருந்ததெல்லாம் கைதான்.

சாக்கின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. செத்த புழு ஒன்றாவது கண்ணில் படும் என்று மறுபடியும் கிளறினார். அவ்வளவு பெரிய குவியலில் வெந்துபோன துணுக்குக்கூட இல்லை. அத்தனையும் எங்கேயோ போயிருந்தன.

வீட்டைச் சுற்றி வந்து ஜன்னல் ஷட்டர்களை ஒவ்வொன்றாக இறக்கினார். உள்ளே திரைகளை இழுத்துவிட்டு, கதவிடுக்குகளில் ஈரத் துண்டைத் திணித்தார். இனி தெற்கிலிருந்து குளிர்ந்த கடற்காற்று திரும்பும்வரை எதையும் திறக்கக் கூடாது. வீடு இருண்டது. கூரை மேல் கூலர் ஓடும் இரைச்சல் மட்டும் அறை அறையாக நிறைந்திருந்தது.

“எப்படி இருக்காங்க என் புழுப் பசங்க?” படுக்கையறை இருட்டிலிருந்து பெவர்லி கேட்டாள்.

“நல்லா இருக்கு.”

“மேலயா, அடியிலயா?”

நெவில் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார். “அடியிலதான்.”

“அப்ப சரி. சூடு வந்தா அதுங்களுக்கே தெரியும். கீழ கீழ போகும். போக வழியில்லன்னா ஒண்ணை ஒண்ணு சுத்திக்கிட்டு உருண்டையா ஆயிடும். வெளிய இருக்கறது காஞ்சு சாகும், உள்ள இருக்கறது தப்பிச்சிக்கும்.”

“காலங்காத்தால பாடமா?”

“நீ ஃபெயிலான பாடம். அதான் திரும்பவும் நடத்தறேன்.”

அவள் சிரித்தாள். சிரிப்பின் கடைசியில் குரல் லேசாகக் குழறியது.

பெவர்லிக்கு நரம்பில் நோய். இரண்டு வருடமாகச் சக்கர நாற்காலி. அந்த நோய்க்கு வெயில் ஆகாது. உடம்பில் சூடு ஏற ஏற, யாரோ வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பது போல, முதலில் கை, பிறகு கண், பிறகு பேச்சு என்று அணைந்துகொண்டே போகும். போன கோடையில் மூச்சுவரை போய்விட்டது. அடிலெய்டு மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது மகள் கெர்ரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அம்மாவை ஹோம்ல சேர்த்துடுவேன்ப்பா. உன்னால முடியல. ஒத்துக்க.” அன்றைக்கு வாசலில் இறக்கும்போது பெவர்லி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “என்னை அங்க விட்டுடாத நெவ்” என்றாள். விடமாட்டேன் என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியாக வேண்டும். அதற்கு இந்தக் கோடையைத் தாண்ட வேண்டும், இன்றைய நாளைத் தாண்ட வேண்டும்.

வெயில் ஏறிய பிறகு பக்கத்துத் தோட்டத்து டூலா வேனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கிரேக்கக்காரி, கைம்பெண், வாயை மூடத் தெரியாதவள். உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களைக் கூடை நிறையக் கொண்டுவந்திருந்தாள்.

“யோவ் நெவில், ஊர் ஹால்ல ஜெனரேட்டர் போட்டு ஏசி விட்டிருக்காங்க. பெவ்வைத் தூக்கு, ரெண்டு பேரையும் கொண்டுபோய் விட்டுடறேன்.”

“எங்க கூலரே நல்லா ஓடுது டூலா.”

“கரண்ட்டு போச்சுன்னா?”

“போகாது.”

ஹாலில் நர்ஸுகள் உட்கார்ந்திருப்பார்கள். பெவர்லியின் பேச்சு குழறுவதைப் பார்த்த உடனே கெர்ரிக்குப் போன் போகும். அது டூலாவுக்குத் தெரியாதா என்ன? அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கழுதைகூட வெயிலுக்கு ஒதுங்கி நிக்கும்யா. உனக்கு அந்தப் புத்தியும் இல்ல. இந்தா, பாட்டிலையாவது வச்சுக்க.”

வேன் கிளப்பிய புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. காற்றே இல்லை. யூகலிப்டஸ் மரத்தில் வெள்ளைக் காக்கட்டூ பறவைகள் இறக்கையைத் தொங்கப் போட்டு, அலகைப் பிளந்துகொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தன. அந்தப் பறவைகள் சத்தம் போடாமல் நெவில் பார்த்ததே இல்லை.

நடுப்பகலில் கூலர் நின்றது.

அதுவரை அந்த இரைச்சல் காதில் விழுந்துகொண்டிருந்ததே அவருக்குத் தெரியவில்லை. அது போனதும் வீட்டின் மற்றச் சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன: கூரை முறுக்கும் சத்தம், சமையலறையில் ஃப்ரிட்ஜ் கடைசியாக ஒருமுறை குலுங்கி ஓய்ந்த சத்தம், சுவருக்குள் எங்கோ மணல் சரிவது போல ஒரு சத்தம், அவருடைய சொந்த மூச்சு. பேட்டரி ரேடியோவைத் திருகினார். ஊருக்கு மேற்கே புல்வெளி பற்றிக்கொண்டதாம். மின்கம்பிகள் போய்விட்டன, நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள், இருக்கிற இடத்திலேயே இருங்கள் என்றார்கள். போனில் சிக்னல் இல்லை. ஷட்டரின் இடுக்கு வழியே வந்த வெளிச்சக்கோடு மஞ்சளாக இருந்தது சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது. புகை நாறியது.

டூலாவோடு போயிருக்கலாம். காலையில் வந்த ஒரு நல்ல வாய்ப்பை வறட்டுக் கௌரவத்தால் காலால் எட்டி உதைத்திருந்தார்.

படுக்கை விரிப்பை நனைத்துப் பெவர்லியின் மேல் போர்த்தினார். டூலாவின் பாட்டில்களை அக்குளிலும் கழுத்தோரத்திலும் வைத்தார். விரிப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. மறுபடி நனைத்தார். பாட்டிலுக்குள் பனிக்கட்டி சுருங்கிக்கொண்டே வந்தது.

“நெ...வ்,” என்றாள். “நீ... ரெண்டு... பேரா... தெரியற.”

“ஒருத்தனைச் சமாளிச்சதே பெருசு, இல்ல?”

அவள் சிரிக்கவில்லை. உதடு ஒரு பக்கம் தொங்கியது.

தொட்டித் தண்ணீர் பிடிக்கப் பின்கட்டுக்கு ஓடினார். கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. சிமெண்ட் தரையில் கால் வைக்கப் போனவர் அப்படியே நின்றார்.

தரையெங்கும் பழுப்பு நூல் துண்டுகள். குனிந்து ஒன்றை எடுத்தார். விரல் பட்டதும் நொறுங்கியது. புழு. காய்ந்து முறுகிய புழு. குவியலிலிருந்து வீட்டுச் சுவர்வரை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கிடந்தன. காலையில் சருகென்று நினைத்துத் தாண்டிப் போயிருக்க வேண்டும். தப்பித்து ஓடி வந்தவை வெயிலில் மாட்டிக்கொண்டு செத்திருக்கின்றன, பாவம் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு அவை கிடந்த விதத்தைப் பார்த்தார். செத்த புழு சுருண்டு கிடக்கும். இவை ஒன்றுகூடச் சுருளவில்லை. எல்லாம் நீட்டிக்கொண்டு, ஒரே திசையைப் பார்த்தபடி, வாரிவிட்ட தலைமுடி போலக் கிடந்தன. அந்த வரிசை சுவரோரமாகப் போய், தரை மட்டத்தில் இருந்த ஒரு சின்னக் கம்பிச் சன்னலில் முடிந்தது. நிலவறைக்குக் காற்றுப் போகும் துளை அது. சுற்றிலும் கல் காய்ந்து வெளுத்திருக்க, அந்தத் துளையின் விளிம்பு மட்டும் ஈரமாக மின்னியது.

நிலவறை! எப்படி மறந்தார்? இந்த வீட்டை யாரோ ஒரு பழைய ஒயின்காரன் கட்டினான். தன் பீப்பாய்களுக்காக வீட்டுக்கடியில் கல்லும் மண்ணுமாக ஓர் அறை தோண்டினான். பெவர்லிக்குக் கால் போன பிறகு யாரும் அங்கே இறங்குவதில்லை. வெயிலே எட்டாத இடம். இந்த மனையிலேயே குளிர்ந்த இடம். புழுக்களுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நெவில் தலையில் அடித்துக்கொண்டார். அவற்றுக்கு நன்றிகூடச் சொன்னார், மனதுக்குள்.

மடக்குக் கட்டிலை முதலில் கீழே கொண்டுபோய் விரித்தார். பிறகு பெவர்லியை விரிப்போடு நடை வழியாக இழுத்துவந்து, நிலவறைப் படிகளில் தான் முதலில் உட்கார்ந்து, அவளை நெஞ்சோடு சாய்த்து அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினார். அவளுடைய குதிகால் ஒவ்வொரு கல்லிலும் தொப் தொப்பென்று விழுந்தது. அவளுக்கு வலிக்கவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

கீழே குளிர்ந்தது. அவர் நினைத்திருந்ததைவிட அதிகமாகவே குளிர்ந்தது. மேலே உலகம் வெந்துகொண்டிருக்க இங்கே தோளில் மயிர் சிலிர்த்தது. மழை விட்ட தோட்டத்தின் வாசனை. டார்ச் வெளிச்சத்தில் பழைய ஜாடிகள், சிலந்தி வலை, மண் தரை. அவளைக் கட்டிலில் கிடத்தி நனைந்த விரிப்பைப் போர்த்தினார். விரிப்பின் ஓரம் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

“மழை... பெய்யுதா?” என்று கேட்டாள்.

நெவில் காதைக் கூர்மையாக்கினார். தூரத்தில் இலைகள் மேல் தூறல் விழுவது போல ஒரு சத்தம். ஆனால் அது மேலிருந்து வரவில்லை. சுவருக்குள்ளிருந்து வந்தது. எல்லாச் சுவருக்குள்ளிருந்தும்.

“ஆமா,” என்றார். “தூறல்.”

தண்ணீருக்காக மேலே போனார். வாளியை நிரப்பி, உருகாமல் மிச்சமிருந்த கடைசிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பிப் படியில் கால் வைத்தபோது கீழேயிருந்து குரல் கேட்டது.

“நெவ், யாரு என் பாதத்தைப் பிடிச்சுவிடறது?”

குழறல் இல்லை. காலையில் இருந்ததைவிடத் தெளிவான குரல். ஒரு கணம் நெஞ்சு பூரித்தது. பிறகுதான் அவள் கேட்டது மண்டையில் ஏறியது.

“என்ன சொன்ன?”

“பாதம்யா. இடது பாதம். எனக்குத் தெரியுது! கால் தெரியுது நெவ்!” அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

டார்ச்சை அடித்தார்.

துளையிலிருந்து சுவர் வழியே ஏதோ வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் என்று நினைத்தார். தண்ணீர் அவ்வளவு மெதுவாக வழியாது. அது தரையைக் கடந்து, கை அகலத்துக்கு ஒரு கயிறாக, தரையைத் தொட்டுக் கிடந்த விரிப்பைப் பிடித்துக் கட்டிலில் ஏறிக்கொண்டிருந்தது. விரிப்பு அவள் இடுப்புக்கு மேலே வெள்ளையாக இருந்தது. இடுப்புக்குக் கீழே வெள்ளை இல்லை. சிவப்பு. ஊசி நுழைய இடமில்லாத சிவப்பு. மினுமினுத்தது. அசைந்தது.

வாளி கை நழுவியது.

பாய்ந்துபோய் இரண்டு கையாலும் வாரி எறிந்தார். பனிக்கட்டியைவிடச் சில்லென்றிருந்தன. புழு எப்படி இவ்வளவு குளிரும்? வாரினார். எறிந்தார். விழுந்தவை சிதறி ஓடவில்லை. திரும்பி வந்தன. அவசரம் இல்லாமல்.

“எடுக்...” என்றாள். “எடுக்...கா...த...”

அவள் கண்கள் திசைக்கொன்றாகப் போயின. உதடு தொங்கியது. மூச்சு அடைத்து அடைத்து வந்தது. அவர் அள்ள அள்ள, அவள் அணைந்தாள்.

கையை நிறுத்தினார்.

அவை ஏறின. விட்ட இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டன. பெவர்லி ஆழமாக மூச்சை இழுத்து விட்டாள்.

“அப்பாடா. என்ன போர்வைடா இது! ஏன் எடுத்த?”

“ஈரத்துணிதான் பெவ். சரியா போட்டேன்.”

டார்ச்சை அணைத்தார். அவள் கழுத்தைத் தூக்கிப் பார்த்துவிடக் கூடாது. இருட்டில் அவள் தலைமாட்டில் மண் தரையில் உட்கார்ந்து அவள் நெற்றியைத் தடவினார். தூறல் சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. காற்று திரும்பும்வரைதான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு பிற்பகல். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டு அவளைக் குளிப்பாட்டிவிடலாம்; யாருக்கும் தெரிய வேண்டாம். அவள் பிழைத்தால் போதும். புழு என்ன, பாம்பே வந்து அவளைப் பிழைக்க வைத்தாலும் பால் வார்ப்பேன்.

தரை காய்ந்துகொண்டிருப்பது உள்ளங்கையில் தெரிந்தது. நெவில் எழுந்து, மேலே போய், இன்னொரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, இருட்டில் கட்டிலைச் சுற்றி ஊற்றினார். அவளுக்காக இல்லை. அவற்றுக்காக. மண் உறிஞ்சியது. தூறல் அடைமழையானது.

அதற்குப் பிறகு எத்தனை வாளி என்று அவருக்கு நினைவில்லை. பெவர்லி பேசிக்கொண்டே இருந்தாள். முழங்கால் தெரிகிறது என்றாள். தொடை தெரிகிறது என்றாள். ஆற்றங்கரைக்கு நடந்து போகலாம் என்றாள். பிறகு பேச்சு நின்று, ஒரே சீராக மூச்சு வந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து, அவர் மெல்லப் படியேறி நடைக்கு வந்தார்.

வெளியே கூரையின் மேல் ஏதோ புரண்டது. யூகலிப்டஸ் மரம் ஓவென்று இரைந்தது. ஷட்டரின் இடுக்கில் கையை வைத்தார். சில்லென்ற காற்று. தெற்குக் காற்று! நெவில் சுவரில் சாய்ந்துகொண்டு குழந்தை போல அழுதார். தாண்டிவிட்டோம். இந்த நாளைத் தாண்டிவிட்டோம். வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“நெவில்!” டூலா கதவைத் தட்டினாள். “ரோடு திறந்துட்டாங்க! காத்து திரும்பிடுச்சுயா! உயிரோட இருக்கீங்களா ரெண்டு பேரும்?”

பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

பின்னால், நிலவறைப் படியில், ஒரு சத்தம்.

நனைந்த துணியைக் கல்லில் வைத்தது போல. நின்றது. மறுபடியும். இந்தமுறை ஒரு படி மேலே.

“நெவ். கீழ வராத. அங்கயே நில்லு.” பெவர்லியின் குரல். மூச்சு வாங்காத குரல். “நான் வர்றேன். பாரேன்.”

படித்தலையில் நின்று டார்ச்சை அடித்தார்.

அவள் நின்றுகொண்டிருந்தாள். இரவு உடை உடம்போடு ஒட்டி நனைந்திருந்தது. சுவரைப் பிடிக்கவில்லை. இடது கை சும்மா தொங்கியது. வலது கையை அவரை நோக்கி நீட்டியிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது, கல்யாணத்தன்றுகூட அவர் அப்படியொரு முகத்தைப் பார்த்ததில்லை.

வெளிச்சம் கீழே இறங்கியது.

உடைக்குக் கீழே அவள் கால்கள் எப்போதும் போலவே இருந்தன. மெலிந்து. வெளுத்து. பாதங்கள் உட்புறம் மடங்கி, கல்லைத் தொடாமல், அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றைச் சுற்றியும் அவற்றுக்கு அடியிலும் அடிமரத்தின் பருமனுக்கு ஒரு சிவப்பு முடிச்சு. அது நெளிந்தது. திரண்டது. அடுத்த படியின் மேல் வழிந்து ஏறியது. ஏறி நின்று, அவளைத் தூக்கி வைத்தது.

“நடக்கறேனா நெவ்?” குரலில் ஒரு பயம் எட்டிப் பார்த்தது. “எனக்கு அப்படித்தான் தெரியுது. சொல்லு. நடக்கறேன்தானே?”

“நெவில்! கதவைத் திறய்யா!”

நெவில் டார்ச்சை அவள் முகத்துக்கு உயர்த்தினார். வெளிச்சம் வேறெங்கும் விழாதபடி அங்கேயே பிடித்துக்கொண்டார்.

“ஆமா பெவ்,” என்றார். “நடக்கற.”

அவள் சிரித்தாள். இன்னும் ஒரு படி. நீட்டியிருந்த கை அவருக்கு எட்டியது. அவர் அதைப் பற்றிக்கொண்டார்.

ஈரமாக இருந்தது. குளிர்ந்தது. அவள் விரல்கள் அவர் மணிக்கட்டை ஒரு சுற்று சுற்றி, இன்னும் ஒரு சுற்று சுற்றி, அதற்கு மேலும் சுற்றிக்கொண்டே போயின.